குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு?

மரக்காணம் உப்பளங்களில் உவர்நீரை உப்புப் பாத்திக்குள் எப்போது விடுவது என்பதில் பெரிய விவாதம் கிடையாது. கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி பூமே. வெயிலில் வற்றி வற்றி அது 25 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அவசரப்பட்டு முன்பே விட்டால் ஜிப்சமும் சேர்ந்து படியும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். இரண்டு வரம்புகளையும் வேதியியலே வகுத்துவிட்டது.

மென்பொருள் திட்டங்களிலும் ஒரு கீழ்வரம்பு உண்டு. இந்த மூல நிரலைக் கட்டி எடுக்க இன்ன கருவியின் இன்ன பதிப்பாவது வேண்டும் என்று திட்டத்தின் தலைக்கோப்பில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அதை வகுத்துத் தர எந்த வேதியியலும் இல்லை. திட்டப் பராமரிப்பாளர் ஒருவர் முடிவெடுக்கிறார். அதற்கான செலவு பெரும்பாலும் வேறொருவர் தலையில் விழுகிறது. அந்த எண்ணை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டுவருகின்றன. அவற்றுள் முதன்மையானவை எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்கின, தமிழ்நாட்டுப் பயனர் ஒருவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவை எப்படித் தெரிகின்றன என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் எண், இரண்டு பொருள்

கட்டுமானக் கருவி என்பது மூலக் கோப்புகளை எந்த வரிசையில், எந்தத் தொகுப்பியைக் கொண்டு, எந்த நூலகங்களுடன் இணைத்து இயங்கு நிரலாக்குவது என்று தீர்மானிக்கும் நிரல். மேக், ஆட்டோகான்ஃப், சீமேக், மெசான், கிரேடில், கார்கோ என்று பட்டியல் நீளும்.

குறைந்தபட்சப் பதிப்பு என்ற எண்ணைப் பலரும் வாசல் காவலாக மட்டுமே பார்க்கிறார்கள். பதிப்பு பழையதென்றால் உள்ளே விடாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். சீமேக்கில் அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கருவி வளர வளர அதன் இயல்பான நடத்தை மாறும். பழைய திட்டங்கள் உடையாதிருக்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய வழி, புதிய வழி என இரண்டையும் அது வைத்திருக்கும். திட்டம் அறிவிக்கும் குறைந்தபட்ச எண்ணை வைத்துத்தான் எந்த வழியில் நடப்பது என்று முடிவுசெய்யும். ஆக, 2.8 என்று எழுதுபவர் பழைய கருவி உள்ளவர்களையும் வரவேற்கிறார். கூடவே, புதிய கருவியிடம் "பழைய மாதிரியே நடந்துகொள்" என்றும் கேட்கிறார். இரண்டாவதைப் பலர் அறிந்து கேட்பதில்லை. வேறொரு திட்டத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து ஒட்டியதோடு சரி.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2018இல் சீமேக் 3.12 ஒரு வசதியைத் தந்தது. கீழெண், மேலெண் இரண்டையும் ஒரே வரியில் எழுதலாம்: இதற்குக் கீழே வராதே, இதுவரையான புதிய நடத்தைகள் எனக்குச் சம்மதம் என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விவாதத்தில் பாதி இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது என்பது இன்னும் பரவலாக உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

பயனருக்குக் கருவியே வேண்டாம்

காலத்தால் முந்திய பதில் குனு மரபிலிருந்து வந்தது. 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃபின் அடிப்படை எண்ணம் எளிமையானது. கருவி பராமரிப்பாளரிடம் மட்டும் இருந்தால் போதும். அவர் அதை இயக்கிக் 'கன்ஃபிகர்' என்ற ஷெல் நிரலை உருவாக்கி வெளியீட்டுப் பொதிக்குள் வைத்துவிடுவார். பொதியை இறக்குபவருக்கு ஒரு ஷெல், மேக், சி தொகுப்பி ஆகியவை போதும். பராமரிப்பாளர் தம் கருவியின் பதிப்பை எவ்வளவு உயர்த்தினாலும் பயனருக்கு அது தெரியவே தெரியாது.

சுமையைச் சுமக்க வேண்டியவர் முடிவெடுப்பவரே என்பதில் இந்த மரபு காட்டிய தெளிவை அதற்குப் பின் வந்த எதிலும் அதே அளவில் காண்பது கடினம்.

பலவீனங்கள் மெல்லத்தான் வெளிப்பட்டன. 1999இல் வந்த 2.13க்கும் 2001இல் வந்த 2.50க்கும் இடையே பொருத்தம் அவ்வளவாக இல்லை. டெபியன் லினக்ஸ் இரண்டையும் அருகருகே வைத்திருக்க வேண்டியதாயிற்று. மொசில்லா பல ஆண்டுகள் 2.13ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு 2012இல் வந்த 2.69க்கு அடுத்த பதிப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் குறைந்தபட்சம் எது என்ற கேள்வியே எழவில்லை. உயர்த்த எதுவும் இருந்தால்தானே! போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இன்னும் ஒரு படி மேலே போய், 2.69ஆவது என்று சொல்லாமல் மிகச் சரியாக 2.69 மட்டுமே என்று எழுதிவைத்தது. வெவ்வேறு பதிப்புகள் உருவாக்கும் கன்ஃபிகர் நிரல்கள் வரிக்கு வரி மாறுபட்டு, களஞ்சியத்தில் வீண் மாற்றங்கள் குவிவதைத் தவிர்க்க அது வழி.

பெரிய அடி 2024 மார்ச்சில் விழுந்தது. எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்வாசல் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். அதைத் தூண்டிவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் சேர்க்கப்பட்டிருந்த ஆட்டோகான்ஃப் துணைக்கோப்பு ஒன்றில் மட்டுமே இருந்தன. எல்லாரும் படிக்கும் மூலம் ஒன்று, எல்லாரும் கட்டும் பொதி வேறொன்று என்ற இடைவெளியில்தான் அது ஒளிந்திருந்தது. உருவாக்கிய கோப்புகளைப் பொதியில் வைத்துத் தருவது பயனருக்குச் செய்யும் உதவி என்ற வாதம் அதன்பின் பழைய பலத்துடன் நிற்கவில்லை. களஞ்சியத்திலிருந்தே கட்டுங்கள் என்றால் பயனருக்குக் கருவி வேண்டும். கருவி வேண்டுமென்றால் பதிப்பு எண்ணும் வேண்டும். கேள்வி தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது.

வழங்கல்களின் பின்னால் நடப்பது

2006இல் கேடிஈ திட்டம் ஆட்டோகான்ஃபை விட்டுச் சீமேக்குக்கு மாறியது. சீமேக்கை ஆக்கியவர்கள் கிட்வேர் நிறுவனத்தார். அமெரிக்க மருத்துவ நூலகத்தின் மருத்துவப் படிமத் திட்டம் ஒன்றையொட்டிப் பிறந்தது அது. கேடிஈ அளவுள்ள திட்டம் மாறியதும் மற்றவர்களும் மாறினார்கள். இந்தக் கருவியைப் பயனரும் தம் கணினியில் வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பது எந்தப் பதிப்பு? அவருடைய லினக்ஸ் வழங்கல் தருவது எதுவோ அது. உபுண்டு 16.04 தந்தது 3.5, 18.04 தந்தது 3.10, டெபியன் 8 தந்தது 3.0. ஆதரவில் இருக்கும் பெரிய வழங்கல்களில் ஆகப் பழையது எதைத் தருகிறதோ அதுவே நம் கீழ்வரம்பு என்ற எழுதப்படாத விதி இப்படித்தான் உருவானது.

இந்த நிலைப்பாட்டின் ஆகச் சிறந்த ஆவணம் லினக்ஸ் கெர்னலின் வரலாறு. அங்கே பேச்சு ஜிசிசி தொகுப்பியைப் பற்றியது என்றாலும் வாதம் இதுவே. 2002இல் வந்த ஜிசிசி 3.2 நெடுங்காலம் கீழ்வரம்பாக இருந்தது. 2018இல் கெர்னல் 4.19 அதை 4.6க்கு உயர்த்தியது. 2020இல் 4.8, பிறகு 4.9, 2021இல் 5.1, 2025 ஜூலையில் வந்த கெர்னல் 6.16இல் 8.1. தொகுப்பி வெளியான ஆண்டையும் அது கீழ்வரம்பான ஆண்டையும் கழித்துப் பார்த்தால் ஒரு சீர் தெரிகிறது. 4.6 வந்தது 2011இல், 4.8 வந்தது 2013இல், 5.1 வந்தது 2015இல், 8.1 வந்தது 2018இல். இடைவெளி ஏறக்குறைய ஆறு, ஏழு ஆண்டுகள். யாரும் ஏழு ஆண்டு என்று சட்டம் போடவில்லை. வழங்கல்களின் ஆதரவுக் காலம் அப்படி இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்றே கருத இடமிருக்கிறது.

ஏன் உயர்த்தினார்கள் என்பது இன்னும் சுவையானது. 2021 ஜனவரியில், 64 பிட் ஆர்ம் செயலிகளுக்கு மட்டும் கீழ்வரம்பு அவசரமாக 5.1க்கு ஏற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஜிசிசி, அடுக்கின் எல்லைக்குக் கீழே இருக்கும் நினைவிடத்தைத் தொடும் நிரலை உருவாக்கியது. இடையில் ஒரு குறுக்கீடு வந்தால் அந்த இடம் மேலெழுதப்படும். விளைவாகச் சரிபார்ப்புத்தொகை பிசகி, இல்லாத கோளாறை ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பு அறிவித்துக்கொண்டிருந்தது. எப்போதாவது வரும் பிழை. துரத்திப் பிடிக்கக் கெர்னல் நிரலாளர் ரஸ்ஸல் கிங்குக்கு நெடுநாள் பிடித்தது. இங்கே பழைய கருவியை ஆதரிப்பது பழைய பயனருக்குச் செய்யும் தயவு அன்று. அவருக்கே தீங்கு.

இன்னொரு காரணம் மொழி. 2022இல் கெர்னல் 5.18, பழைய சி89 தரத்திலிருந்து சி11க்கு நகர்ந்தது. சுழற்சிக்குள் மட்டும் வாழ வேண்டிய மாறியைச் சுழற்சிக்கு வெளியிலேயே அறிவிக்க வேண்டியிருந்த பழைய கட்டாயம் பாதுகாப்புக் குறைகளுக்கு இடம் தருகிறது என்ற விவாதத்தின் முடிவு அது. முந்தைய ஆண்டே ஜிசிசி கீழ்வரம்பு 5.1 ஆகியிருந்ததால்தான் அந்த நகர்வு எளிதாயிற்று. ஒரு காரணத்துக்காக உயர்த்திய எண் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. எதிர்பாராத இத்தகைய பயன்களைச் செலவு வரவுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பது இன்றும் தெளிவாகவில்லை.

வழங்கல் வழியின் குறை, "பெரிய" என்ற சொல்லில் இருக்கிறது. எந்த வழங்கல் பெரியது? யாருக்குப் பெரியது? ஆப்பிள் கணினிகளையே எடுத்துக்கொள்ளலாம். குனு மேக் தன் உரிமத்தின் அடுத்த பதிப்புக்கு மாறிய பிறகு, 2006இல் வந்த 3.81ஐத் தாண்டி ஆப்பிள் வரவே இல்லை. விலையுயர்ந்த புதிய கணினியில் இருபது வயதுக் கருவி. அங்கே தடையாக இருப்பது வறுமையோ சோம்பலோ இல்லை, உரிமம்.

இந்தியாவிலும் இதே நடை காணப்படுகிறது. மும்பையிலிருந்து இயங்கும் ஃபிராப்பே என்ற வலைச் செயலிச் சட்டகத்தின் 14ஆம் பதிப்பு 2022இல் பைத்தான் 3.10ஐக் கேட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இல் அது இயல்பாகவே இருந்தது. இரண்டு ஆண்டு முன் வந்து, இன்னும் ஆதரவில் இருந்த 20.04இல் 3.8தான். பைத்தானைக் கட்டுமானக் கருவி என்பதைவிட இயக்கச் சூழல் என்பதே சரி. ஆனாலும் நிறுவுபவருக்கு நேரும் சிக்கல் ஒன்றுதான்.

நாட்காட்டி விதி

ஒவ்வொரு முறையும் சண்டை போடுவதற்குப் பதில் காலக்கெடுவை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்பது அறிவியல் பைத்தான் உலகின் பதில். 2019இல் நம்பை திட்டத்தில் முன்வைக்கப்பட்ட நெப் 29 என்ற முன்மொழிவு, கடந்த 42 மாதங்களில் வெளியான பைத்தான் பதிப்புகளை ஆதரித்தால் போதும் என்றது. பின்னர் வந்த ஸ்பெக் 0 அதை மூன்று ஆண்டுகளாகச் சுருக்கியது. இதன் பலம், யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது: காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் ஏறும். ஆய்வுக்கூடத்தில் கணினி மாற்றும் கால அட்டவணை 42 மாதத்தைக் கேட்டு நடப்பதில்லை.

கருவியைத் திட்டமே கொண்டுவரட்டும்

பயனரிடம் எது இருக்கிறது என்று ஏன் கேட்க வேண்டும், வேண்டியதை அங்கேயே இறக்கிக்கொடுத்துவிடலாமே என்கிறது நான்காவது நிலைப்பாடு. கிரேடில் திட்டங்களில் ராப்பர் என்று ஒரு சிறு கோப்பு கூடவே வரும். குறித்த பதிப்பை அதுவே இறக்கிக்கொள்ளும். ரஸ்ட் மொழிக்கு ரஸ்டப் உண்டு. சீமேக்கைக்கூட இப்போது பைத்தானின் பிப் வழியாக ஒரே கட்டளையில் பெறலாம். இப்படிப்பட்ட சூழலில் எண்ணை உயர்த்துவது ஒரு வரித் திருத்தம்.

ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் இந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் வந்த ஆண்ட்ராய்டு கிரேடில் செருகி 8.0, கிரேடில் 8.0ஐயும் ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பான ஜேடிகே 17ஐயும் ஒருங்கே கேட்டது. ஒன்றை உயர்த்தினால் மற்றவை சங்கிலியாக உயரும். கிரேடில் பொதி ஒன்றே நூறு மெகாபைட்டைத் தாண்டும், ஜேடிகே தனி. கட்டற்ற அகலப்பட்டை உள்ள அலுவலகத்தில் இது தேநீர் குடிக்கும் நேரம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் கைப்பேசித் தரவை ஹாட்ஸ்பாட் வழியாகப் பகிர்ந்து நிரல் எழுதுபவருக்கு அன்றைய பங்கில் பெரும்பகுதி போய்விடும்.

இந்த நிலைப்பாட்டின் எல்லையை 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் காட்டியது. அதன் 3.4 பதிப்பைக் கட்ட ரஸ்ட் கருவிகள் தேவைப்பட்டன. பெரும்பாலோருக்கு முன்பே கட்டிய பொதி இருந்ததால் எதுவும் தெரியவில்லை. ஆல்பைன் லினக்ஸ் பயனர்கள் மாட்டிக்கொண்டார்கள். ரஸ்ட்டே எட்டாத பழைய செயலிகளில் ஜென்டூ ஓட்டியவர்கள் கொதித்தார்கள். பழைய பிப் வைத்திருந்தவர்கள் நிலைதான் விசித்திரம்: கட்டிய பொதி இருந்தும் அவர்களுடைய பிப்புக்கு அதன் புதிய குறியீடு புரியாததால், மூலத்திலிருந்து கட்ட முயன்று தோற்றது. நூலகத்தார் தற்காலிகத் தப்புவழி ஒன்றைத் தந்தார்கள்; அதே ஆண்டின் பிற்பகுதியில் எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு நூலகத்தை நினைவகப் பிழைகள் இல்லாத மொழியில் எழுத வேண்டும் என்ற அவர்களுடைய வாதத்தை எளிதில் மறுக்க முடியாது. கருவி எல்லாருக்கும் எட்டும் என்ற அனுமானமே கேள்விக்குரியது.

உயர்த்தாமல் இருந்தால்?

இதுவரை பார்த்த பதில்கள் எல்லாமே பழைய கருவி புதிய திட்டத்தை மறுப்பதைப் பற்றிக் கவலைப்பட்டன. 2025 மார்ச்சில் திசை திரும்பியது. அப்போது வந்த சீமேக் 4.0, 3.5க்குக் கீழான எண்ணை அறிவிக்கும் திட்டங்களை ஏற்க மறுத்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே 3.27 எச்சரிக்கத் தொடங்கியிருந்தது உண்மை. ஆனால் எச்சரிக்கை வந்தது கட்டுபவரின் திரையில். பல சிறு நூலகங்களின் ஆசிரியர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய் வெகுகாலமாகியிருந்தது. எவரும் தொடாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள், முதல் வரியில் இருந்த 2.8 என்ற எண்ணுக்காக நின்றன. எண்ணை மேலெழுதும் ஒரு தப்புவழியைச் சீமேக்கே கொடுத்ததால் பெரும்பாலோர் சமாளித்தனர்.

தாராள மனத்தோடு தாழ்த்திவைத்த வாசல் இப்படித் தலையில் இடிக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தாழ்ந்த எண்களில் எத்தனை உண்மையானவை என்பதும் ஐயத்துக்குரியது. உபுண்டு 18.04 சோதனைக் கணினிகளைக் கிட்ஹப் 2023 ஏப்ரலில் நிறுத்தியது. அதன்பின் சீமேக் 3.10இல் என் திட்டம் ஓடுகிறது என்று சொல்பவர் அதை வேறெங்காவது தனி முயற்சி எடுத்துச் சோதித்திருக்க வேண்டும். பலர் சோதிப்பதில்லை. சோதிக்காத வாக்குறுதியைவிட உயர்ந்த எண் நேர்மையானது என்ற வாதத்துக்கு இங்கே வலு கூடுகிறது.

எல்எல்விஎம் தொகுப்பித் திட்டம் கையாண்ட முறையை நடுவழி எனலாம். 16ஆம் பதிப்பைப் பழைய சீமேக்கில் கட்டியவர்களுக்கு, 17 முதல் 3.20 கட்டாயம் என்று திரையிலேயே சொல்லிவிட்டது. சொன்னபடி 2023இல் செய்தது. நேரம் கொடுத்தது நல்லதே. வேறு வழி கொடுத்ததா என்பது வேறு கேள்வி.

மடிக்கணினியும் மொழியும்

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோஸுடன் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் லட்சக்கணக்கான மாணவர் கைகளில் சேர்த்தது. பாஸ், டெபியனின் வழி வந்தது. அக்காலக் கணினியை அன்றிருந்த அமைப்போடு இன்றும் வைத்திருப்பவர் பெரும்பாலான புதிய திட்டங்களின் கீழ்வரம்புக்கு வெளியே நிற்பார். மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே இயங்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்கள் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கின்றன. அங்கே கடற்கரை ஊரொன்றில் இருக்கும் மாணவருக்குக் கீழ்வரம்பு உயர்வின் செலவு, கருவியை மாற்றுவது மட்டுமில்லை. இயங்குதளத்தையே மாற்றி நிறுவ ஒருவர் துணை வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு செலவு, கற்பிக்கும் பொருள்களுக்கு நேர்வது. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. எந்த உபுண்டு, எந்தப் பதிப்பு என்று ஒவ்வொரு பாடமும் தொடக்கத்திலேயே சொல்லும். 2012 முதல் கணியம் இதழ் எளிய தமிழில் தொடர்கள் வெளியிட்டுவருகிறது. திட்டம் எண்ணை உயர்த்தும்போது ஆங்கில ஆவணம் அன்றே திருத்தப்படும். தமிழ்ப் பாடத்தைத் திருத்த இன்னொரு தன்னார்வலர் வர வேண்டும். கருவியின் பதிப்பைப் பற்றிய விவாதங்களில் மொழிபெயர்ப்பின் வயது எங்கும் கணக்கில் வருவதில்லை.

ஆனால் இதை வைத்து உயர்த்தவே கூடாது என்று முடித்தால் அதுவும் பிழையாகும். ஜேடிகே 18க்கு முன் வரை, விண்டோஸில் ஜாவா தொகுப்பி மூலக் கோப்பை அந்தக் கணினியின் இயல்பான குறியேற்றத்தில்தான் படிக்கும். தனியாக யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் நிரலுக்குள் எழுதிய தமிழ்ச் சரம் குப்பையாகும். சில நேரம் பிழைச் செய்திகூட வராது. 2022 மார்ச்சில் வந்த 18 முதல் யுடிஎஃப்-8 இயல்பானது. பைத்தான் 2இல் தமிழ்ச் சரத்தைக் கையாண்டவர்களுக்கு 3இன் அருமை தெரியும். உலகுக்குச் சிறு வசதியாகத் தோன்றும் உயர்வு தமிழுக்கு அடிப்படைத் தேவையாக இருக்கக்கூடும். பழைய கணினி உயர்வைத் தடுக்கிறது. எழுதும் மொழி உயர்வைக் கேட்கிறது. ஒரே மாணவர், இரண்டு பக்கமும் நிற்கிறார்.

இன்னும் திறந்திருப்பவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் முழுத் தோல்வி இல்லை. தவறான விளைவைத் தரும் கருவியை விலக்க எண்ணை உடனே உயர்த்தலாம் என்பதில் இப்போது ஏறக்குறைய உடன்பாடு இருப்பதாகச் சொல்லலாம். ஆர்ம் நிகழ்வு அதற்குப் போதிய சான்று. எழுதும் வசதிக்காக மட்டும் உயர்த்துவதில் உடன்பாடு இல்லை, விரைவில் வரும் அறிகுறியும் இல்லை. இடைப்பட்ட பெரும்பகுதியில், வழங்கல்களைப் பின்தொடரும் வழியே குறைந்த சேதத்தோடு நடந்திருக்கிறது என்பது கெர்னல் வரலாற்றிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கையான முடிவு. கீழெண், மேலெண் இரண்டையும் அறிவிக்கும் பழக்கம் பரவினால் சீமேக் 4.0 போன்ற அதிர்ச்சிகள் குறையக்கூடும்.

தீராதிருப்பது சான்றுகளின் தன்மை. பராமரிப்பாளருக்குத் தெரிவது புகார் எழுதுபவர்கள் மட்டுமே. புகார் எழுத ஆங்கிலம் வேண்டும், கணக்கு வேண்டும், திட்டம் தம்முடையது என்ற உரிமையுணர்வும் வேண்டும். 'உங்கள் பதிப்பு பழையது' என்ற வரியைக் கண்டு முனையத்தை மூடிவிட்டுப் போனவர்களை எண்ணும் ஏற்பாடு எந்தக் கட்டுமானக் கருவியிலும் வழக்கமாக இல்லை. பயன்பாட்டுத் தரவைத் திரட்டலாம் என்ற யோசனை வரும்போதெல்லாம் கட்டற்ற மென்பொருள் உலகம் தனியுரிமையைக் காட்டி எதிர்க்கிறது; எதிர்ப்பில் நியாயமும் இருக்கிறது. ஏழு ஆண்டு என்று கெர்னல் தானாக வந்து சேர்ந்த இடைவெளி நிறுவனங்கள் சேவையகம் மாற்றும் வேகத்தில் அமைந்தது. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி தம்பியின் கைக்கு வரும் வீட்டில் அந்த இடைவெளி எத்தனை ஆண்டாக இருக்க வேண்டும் என்பதை இதுவரை வந்த விதிகளில் எதுவும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.